குவார்ட்சைட்டில் இலவசமாகத் தங்கலாமா?

ஜனவரியில் குழந்தைகளோடு வேனில் மூன்று இரவு அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் உள்ள குவார்ட்சைட் ஊர்ப் பக்கம் தங்க வேண்டும், காசு கட்ட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நீங்கள் பார்த்த கட்டணம் ஊருக்குத் தெற்கே லா போசா என்ற முகாம் பகுதியில் மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு. மேற்கே டோம் ராக் சாலையோரம் அரசு நிலம். 14 நாள் வரை இலவசம்.

அங்கே குடிநீரும் இல்லை, கழிப்பறையும் இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டராவது ஊரிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். பகல் வெயிலை நம்பாதீர்கள், விடியற்காலையில் குளிர் நடுக்கிவிடும். கம்பளி கூடுதலாக எடுங்கள்.

இடம் பார்க்கும்போது கருங்கல் சில்லு பதிந்த கெட்டித் தரையாகப் பாருங்கள். வறண்ட ஓடை மணல் மெத்தென்று இருக்கும், ஆனால் சக்கரம் புதையும்; எங்கோ மலையில் மழை பெய்தால் வெள்ளமும் அந்த வழியாகத்தான் வரும்.

அப்புறம், ஒரு சீப்பு கட்டாயம். அங்கே வளரும் சோயா (cholla) என்ற கள்ளிச்செடியின் முள்ளுருண்டை உரசினாலே ஒட்டிக்கொள்ளும். என் மகள் காலில் ஒட்டியதைக் கையால் பிடுங்கப் போய் என் விரலிலும் ஏறிவிட்டது. சீப்பை அடியில் கொடுத்து ஒரே வீச்சில் தட்டிவிடுங்கள்.