நிலவறைக்கு வெளியே புரூனோ கான்ஸ்

கேள்வி: நிலவறையில் ஹிட்லரின் கடைசி நாட்களைச் சொல்லும் 'டவுன்ஃபால்' என்ற ஜெர்மன் படத்தில் ஹிட்லராகக் கத்தும் காட்சியை மீம்களில் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அந்த ஒரு காட்சியால் பெயர் வாங்கிய புரூனோ கான்ஸை ஐரோப்பாவின் மகத்தான நடிகர்களில் ஒருவர் என்று சென்ற இதழில் எழுதியது மிகையில்லையா?

பதில்: இல்லை. ஜெர்மன் மொழி நாடக மேடையில் இஃப்லாண்ட் மோதிரம் என்று ஒன்று உண்டு. அதை அணிந்திருக்கும் நடிகர், தனக்குப் பிறகு அதற்குத் தகுதியானவர் யார் என்று எழுதிவைத்துவிட்டுப் போவார். அதுவரை அணிந்திருந்த நடிகர் யோசஃப் மைன்ராட் மறைந்ததும் 1996இல் அது கான்ஸின் கைக்கு வந்தது. நீங்கள் சொல்லும் படம் வெளிவந்தது 2004இல். எந்தக் காட்சியால் அவர் பெயர் வாங்கினார் என்கிறீர்கள்?

ஸூரிக்கில் 1941இல் பிறந்தவர். தந்தை சுவிஸ்காரர், தாய் இத்தாலியர். அவரை வார்த்தது மேற்கு பெர்லினின் ஷௌபூனே நாடக அரங்கம். 1970இல் இயக்குநர் பீட்டர் ஸ்டைனும் அவரும் இன்னும் சிலரும் அங்கே கூடினார்கள். நட்சத்திரம் என்று யாரும் கிடையாது. எந்த நாடகம் போடுவது என்பதையே எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் தீர்மானிப்பார்கள். 1971இல் நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பேர் கிந்த்' நாடகத்தில் நாயகன் வேடத்தை ஆறு நடிகர்கள் பகிர்ந்துகொண்டார்கள். அதில் ஒருவர் கான்ஸ். எதிரே நிற்பவருக்கு இடம் விட்டு நடிக்கும் குணம் அவருக்கு அங்கேதான் ஊறியது என்பது என் உறுதியான எண்ணம்.

ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸின் 'விங்ஸ் ஆஃப் டிசையர்' (1987) பாருங்கள். பெர்லின் சுவர் இன்னும் நிற்கும் நகரத்தில், மனிதர்களின் மனதுக்குள் ஓடுவதைக் கேட்டபடி நடக்கும் தேவதூதனாக கான்ஸ். பெரும்பாலும் அவர் செய்வது கேட்பது மட்டும்தான். முகத்தில் பெரிய அசைவு இருக்காது, ஆனால் பக்கத்தில் இருப்பவரின் துயரம் நம்மை வந்து தொடும். அதே படத்தில் தள்ளாடி வரும் முதிய கதைசொல்லி குர்ட் போய்ஸ், நாஜிகள் காலத்தில் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்த யூத நடிகர். அவரையும் மூத்த ஜெர்மன் நடிகர் பெர்ன்ஹார்ட் மினெட்டியையும் பற்றி கான்ஸும், இன்னொரு தேவதூதனாக வரும் ஓட்டோ சாண்டரும் சேர்ந்து 1982லேயே ஓர் ஆவணப்படம் எடுத்திருந்தார்கள். தன் மூத்தோரை இப்படித் தேடிப் போய்ப் பதிவுசெய்த நடிகர்கள் எத்தனை பேர்?

ஹிட்லருக்கு வருகிறேன். மேடையில் முழங்கும் குரல் எல்லோருக்கும் தெரிந்தது. கான்ஸ் தேடியது அந்த மனிதன் சாதாரணமாகப் பேசும் குரலை. 1942இல் பின்லாந்தில் ஒரு வானொலிப் பொறியாளர் ரகசியமாகப் பதிவுசெய்த சுமார் 11 நிமிட உரையாடலைக் கேட்டுக் கேட்டுப் படித்தார். ஹிட்லரின் கை நடுக்கத்தைக் காட்டுவதற்காகப் பார்க்கின்சன் நோயாளிகளை மருத்துவமனையில் கவனித்தார். அடுத்த முறை அந்தக் காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். கத்தல் தொடங்கும் முன்பே, மூக்குக்கண்ணாடியைக் கழற்றும் அந்தக் கையில் சாம்ராஜ்யம் சரிந்து முடிந்திருக்கும்.

அதே கான்ஸ்தான் 2000இல் 'ப்ரெட் அண்ட் டூலிப்ஸ்' என்ற இத்தாலியப் படத்தில் வெனிஸ் உணவகப் பரிமாறுபவராக வந்து, ஏட்டு நடை இத்தாலிய மொழியில் கூச்சத்தோடு காதலைச் சொல்லி, அந்த நாட்டின் உயரிய திரை விருதான டேவிட் டி டொனாடெல்லோவையும் வாங்கினார். 2019 பிப்ரவரியில் மறைந்தார். மோதிரம் அவர் எழுதிவைத்தபடி யென்ஸ் ஹார்ட்ஸர் என்ற மேடை நடிகருக்குப் போனது.