படகு வாங்காமல் பாய்மரப் பந்தயம்: கொங்குக்காரர்கள் கேட்டதும் என் பதில்களும்

கோவையில் இருந்துகொண்டு, விடுமுறை நாட்களில் சென்னைக்குப் போய்ப் பாய்மரப் படகுப் பந்தயங்களில் க்ரூவாக, அதாவது படகோட்டும் குழுவில் ஒருவனாக, ஏறுகிறேன். அதைப் பற்றி நம்மாட்கள் கேட்டவை கீழே.

திருப்பூர், பனியன் தொழில்: ஏனுங்ண்ணா, படகு வாங்க லட்சக்கணக்கில் வேணுமே?

வாங்கவே வேண்டாங்க. நாலைந்து பேர் ஓட்டும் படகு வைத்திருப்பவருக்கு ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் சென்னையில் இருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் அடிப்படைப் பயிற்சி எடுத்துவிட்டு, "க்ரூ குறைந்தால் சொல்லுங்க" என்று சொல்லி வையுங்கள். கூப்பிட்டால் சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிக் காலையில் போய் நில்லுங்கள். புது ஆளிடம் ஸ்கிப்பர், அதாவது படகின் தலைவர், திறமையைத் தேடமாட்டார். சொன்னபடி வருகிறாரா என்றுதான் பார்ப்பார்.

பொள்ளாச்சி, கல்லூரி மாணவி: நான் பார்த்த பெரிய தண்ணீரே ஆழியாறு அணைதான். முதல் நாள் என்ன வேலை கொடுப்பார்கள்?

முதல் நாள் நீங்கள் வெறும் எடைதான், அம்மணி. காற்று படகைச் சாய்க்கும்போது எதிர் விளிம்பில் உட்கார்ந்து உடம்பை வெளியே தள்ள வேண்டும்.

அடுத்து ஜிப், அதாவது முன்பாயின் கயிறு. காற்றுக்கு நேர் எதிராகப் படகு போகாது. சுமார் 45 பாகை விலகி, இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பித்தான் முன்னேறும். ஒவ்வொரு திருப்பத்திலும் பழைய பக்கத்துக் கயிற்றை விட்டு, பாய் படபடத்துக்கொண்டு மறுபக்கம் வரும்போதே புதுப் பக்கத்துக் கயிற்றைச் சரசரவென்று இழுத்து, வின்ச் என்ற கயிறு இழுக்கும் உருளையில் கடிகாரச் சுற்றாகச் சுற்றணும். பாயில் காற்று நிறையும் முன் இழுத்தால் கை போதும். நிறைந்துவிட்டால் மல்லுக்கட்டுதான். இதற்கிடையில் பெரிய பாயின் அடிக்கட்டையான பூம் தலைக்கு மேலே வீசிக்கொண்டு போகும். குனிய மறக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்தவர் நீங்கள். ஆடியில் காற்று வருவதைத் தென்னை மட்டை முதலில் சொல்லுமல்லவா? கடலில் அதைக் கருத்த நீர்த்திட்டுகள் சொல்லும். பார்த்ததும் "காத்து வருது" என்று குரல் கொடுங்கள். அப்படிப்பட்ட க்ரூவை எந்த ஸ்கிப்பரும் விடமாட்டார்.

ஈரோடு: விசில் அடித்ததும் கிளம்பணுமா?

வரிசையில் நிற்பதெல்லாம் கிடையாது. நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் நடுவில்தான் தொடக்கக் கோடு. வழக்கமாக 5, 4, 1 நிமிடம் இருக்கும்போது கொடியும் ஒலியும் மாறும். அதுவரை எல்லாப் படகும் சுற்றிக்கொண்டே இருக்கும். முந்திக் கோட்டைத் தாண்டினால் திரும்பி வந்து மறுபடி தொடங்கணும்.

நாமக்கல், லாரி உரிமையாளர்: எதிரெதிரே வந்தால் யாருக்கு வழி?

வலப்பக்கம் காற்று வாங்கி வருபவருக்கு. இடப்பக்கம் வாங்குபவர் ஒதுங்கணும். ஹாரன் எடுபடாதுங்க! தப்புச் செய்தவர் பெரும்பாலும் தானாகவே படகை இரண்டு சுற்றுச் சுற்றித் தண்டனையை முடித்துக்கொள்வார். மிதவையில் உரசினால் ஒரு சுற்று.

கோபி, ஒரு அம்மா: பையனுக்குப் பத்து வயசு.

அவன் க்ரூவாக வேண்டாம், தானே ஓட்டட்டும். ஆப்டிமிஸ்ட் என்ற குட்டிப் படகு 15 வயதுவரை உள்ளவர்களுக்கே உரியது. 2021-இல் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் சென்னைக்காரர்தான்.

சேலம்: வாந்தி வருமோ?

வரலாம். இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். கண் தொடுவானத்தில் இருக்கட்டும். அப்படியும் வந்துவிட்டால், காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் குனியுங்கள்.