வைரஸ் ஊசியும் ஒளியும்: மெலனோமாவுக்கு இப்போது எது கிடைக்கும்?

கேள்வி: அக்காவுக்குக் காலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அதே காலில் சின்னச் சின்னக் கட்டிகளாகத் திரும்ப வருகிறது. மரபணு மாற்றிய வைரஸைக் கட்டிக்குள் செலுத்தி, ஒளி பாய்ச்சிப் புற்றுநோயை அழிக்கிறார்கள் என்று படித்தேன். அவருக்கு இதைச் செய்ய முடியுமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, வைரஸ் தொற்றிவிடாதா?

பதில்: வைரஸ் சிகிச்சை தனியாகவும் ஒளிச் சிகிச்சை தனியாகவும் நடைமுறையில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து நீங்கள் படித்த முறை ஆய்வக எலிகளில் பலன் காட்டியது. மருத்துவமனையில் தரும் மருந்தாக அது இன்னும் அங்கீகாரம் பெறவில்லை. ஆனால் அக்காவின் நிலைமைக்கென்றே ஒரு வைரஸ் ஊசி உண்டு. முதலில் அதைப் பற்றிக் கேளுங்கள்.

அதன் பெயர் டி-வெக். அமெரிக்காவில் 2015இல் அனுமதி பெற்றது. உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸில் இரண்டு மரபணுக்களை நீக்கி, நோய் எதிர்ப்புச் செல்களை வரவழைக்கும் புரதம் ஒன்றின் மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். நல்ல செல் இந்த வைரஸை அடக்கிவிடும். தற்காப்பு கெட்டுப்போன புற்றுச் செல்லுக்குள் அது பெருகி, செல்லை வெடிக்கச் செய்யும்.

முதல் ஊசியில் மில்லிலிட்டருக்கு 10 லட்சம் வைரஸ்தான். உடல் அதற்குப் பழக 3 வாரம் விட்டு, அடுத்ததில் 10 கோடி. பிறகு 2 வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 6 மாதம். 5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிக்கு 4 மி.லி. வரை, அரை செ.மீ. கட்டிக்கு 0.1 மி.லி. எத்தனை கட்டி இருந்தாலும் ஒரு நாளில் மொத்தம் 4 மி.லி.யைத் தாண்டக் கூடாது.

ஆரம்ப மாதங்களில் கட்டி பெரிதாகலாம், புதிதாக ஒன்றிரண்டு முளைக்கலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று அதை வைத்து மட்டும் முடிவு கட்டி நிறுத்திவிடாதீர்கள். அதேசமயம், அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம்: 436 பேரிடம் நடந்த பரிசோதனையில் 6 மாதமோ அதற்கு மேலோ நிலைத்த பலன் 16.3 சதவீதத்தினருக்கே கிடைத்தது. ஒப்பீட்டு மருந்து பெற்றவர்களில் அது 2.1 சதவீதம். ஈரல், நுரையீரலுக்குப் பரவிய நோயில் பலன் இன்னும் குறைவு.

குழந்தையைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. இது உயிருள்ள வைரஸ். ஊசி போட்ட இடத்தைக் காற்றும் தண்ணீரும் புகாத கட்டால் ஒரு வாரமாவது மூடி வைக்க வேண்டும். கசிவு இருந்தால் இன்னும் சில நாள். கட்டை மாற்றுபவர் கையுறை அணிந்து, பழைய கட்டை பிளாஸ்டிக் பையில் இறுக மூடிப் போட வேண்டும். கர்ப்பிணிகளும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் அந்தக் கட்டைத் தொடவே கூடாது. குழந்தையின் கை அங்கே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு வாய்ப்புண் இருந்தால் முத்தம் கொடுக்க வேண்டாம். யாருக்காவது கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஹெர்பிஸுக்கான அசைக்ளோவிர் இந்த வைரஸையும் அடக்கும். அதனாலேயே, மருத்துவரைக் கேட்காமல் அக்கா அதைச் சாப்பிடக் கூடாது.

இனி நீங்கள் படித்த, வைரஸோடு ஒளியைச் சேர்க்கும் முறை. ஜெல்லிமீன் இனத்துப் புரதம் ஒன்றை மாற்றி 2006இல் 'கில்லர்ரெட்' உருவாக்கப்பட்டது. பச்சை-மஞ்சள் ஒளி பட்டால் அது ஆக்சிஜனை நச்சு வடிவத்துக்கு மாற்றி, தான் இருக்கும் செல்லையே கொல்லும். ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்தினர் அதன் மரபணுவை அடினோவைரஸில் (சளி, காய்ச்சல் உண்டாக்கும் ஒரு வைரஸ் வகை) ஏற்றி, 2016இல் எலிகளில் பலன் காட்டினார்கள்.

சிக்கல் எங்கே என்றால், அந்த நிற ஒளி திசுவுக்குள் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். ஆழமான கட்டிக்கு ஊசி வழியே ஒளியிழை நுழைக்க வேண்டும். கட்டியின் நடுப்பகுதியில் ஆக்சிஜன் குறைவு, அங்கே ஒளி பட்டாலும் நச்சு உருவாகாது. ஒளியைக் கூட்டினால் இருக்கும் ஆக்சிஜனும் சட்டென்று தீர்ந்துவிடும். அதனால்தான் விட்டுவிட்டுப் பாய்ச்சிப் பார்க்கிறார்கள். நேரக் கணக்கும் முக்கியம். வைரஸ் பெருகும் முன்பே ஒளி பட்டால் செல்லோடு வைரஸும் அழியும், பக்கத்துச் செல்களுக்குப் பரவ எதுவும் மிஞ்சாது.

'ஒளிச் சிகிச்சை' என்று இப்போது யாராவது சொன்னால், அது பெரும்பாலும் வைரஸ் இல்லாத மருந்து முறையாகத்தான் இருக்கும். எந்த மருந்து, எந்த அலைநீளம், ஒளி எவ்வளவு ஆழம் போகும் என்று எழுதி வாங்குங்கள். உதாரணமாக, ஃபோட்டோஃப்ரின் மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 2 மி.கி. ஏற்றி, 40 முதல் 50 மணி நேரம் கழித்து 630 நானோமீட்டர் சிவப்பு ஒளி பாய்ச்சுவார்கள். இது உணவுக்குழாய், மூச்சுக்குழாய் புற்றுநோய்களுக்கானது. குறைந்தது 30 நாள் வெயில் படக் கூடாது, சன்ஸ்கிரீன் காப்பாற்றாது. அதற்காக இருட்டறையிலும் அடைந்து கிடக்கக் கூடாது: வீட்டுக்குள் இருக்கும் சாதாரண வெளிச்சம்தான் தோலில் தங்கிய மருந்தை மெல்ல மெல்லச் செயலிழக்க வைக்கும்.

அக்காவின் மருத்துவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: கட்டிகள் ஊசி எட்டும் இடத்தில் உள்ளனவா, உள்ளுறுப்புக்குப் பரவியிருக்கிறதா, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா? மூன்றாவதற்கு ஆம் என்றால் டி-வெக் அவருக்கு ஆபத்து. இப்போது நடந்துவரும் சிகிச்சையை, இதற்காகக் காத்திருந்து ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.