சுருட்டை விட்ட பிறகும் ஏன் மூச்சு வாங்குகிறது?

யாழ்ப்பாணத்தில் பல வருடம் சுருட்டுக் குடித்த ஐயா, அதை விட்ட பின்னும் கிணற்றடிக்குப் போய்வரவே களைக்கிறார், ஏன் என்பது கேள்வி.

இது பெரும்பாலும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக இருக்கும். அதாவது, மூச்சுக்குழாய்கள் வீங்கி, சளி பிடித்து ஒடுங்கிப்போவது. ஆஸ்துமா முட்டுப் போல வந்து போவதல்ல, வந்தால் தங்கிவிடும்.

புகை, நுரையீரலின் நுனியிலுள்ள சின்னஞ்சிறு காற்றுப்பைகளின் சுவரையும் அரிக்கிறது. அரித்த சுவர் திரும்ப வளராது. மூச்சை இழுப்பதில்தான் சிக்கல் என்று நினைப்போம். உண்மையில் விடுவதில்தான் கஷ்டம். பழைய காற்று உள்ளேயே தேங்கிவிடும். பருத்தித்துறை மினிபஸ்ஸில் இறங்க வேண்டியவர்கள் இறங்காவிட்டால், நெல்லியடியில் நிற்பவர் எங்கே ஏறுவது? அதே கதைதான். அதனால்தான் உதட்டைக் குவித்து, ஊதுவது போல, இழுத்த நேரத்தைவிட இரு மடங்கு நேரம் மூச்சை விடப் பழக்குகிறார்கள். தண்ணீர் வாளியைத் தூக்கும் முன் மூச்சை இழுத்து, தூக்கும்போது விட வேண்டும்.

சரி, சுருட்டை விட்டது வீணா? இல்லை. போனது வராது, ஆனால் மேலும் கெடும் வேகம் குறையும். விறகடுப்புப் புகையும் ஆகாது. இதை வீட்டில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சளியின் நிறம் மாறினால், வழமையைவிடக் களைத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், இன்ஹேலர் பழகிவிடும், அதைவிடக் குளிசை நல்லது என்பது தவறு: மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் என்ற மருந்தின் குளிசையில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து உடம்பெல்லாம் சுற்றும், இன்ஹேலரில் ஓர் அழுத்துக்கு வெறும் 100 மைக்ரோகிராம் (0.1 மில்லிகிராம்), அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்கு.