முயல் கறியும் ஜிலேபி மீனும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வள்ளியூர் பக்கம் எனக்குச் சொந்த ஊர். வேலை அமெரிக்காவில், விஸ்கான்சினில். சில வருடங்களாக நவம்பரில் மான் வேட்டைக்குப் போகிறேன். ஒரு மான் கிடைத்தால் வீட்டுக்குப் பல மாதத்துக்குக் கறி. பண்ணையில் அடைத்து வளர்த்த கோழியைவிட இது பூமிக்கு நல்லது என்று நம்புகிறேன். எங்கள் தாத்தா சிப்பிப்பாறை நாயோடு முயலுக்குப் போனவர். அதையெல்லாம் சட்டம் போட்டு ஒழித்துவிட்டோமே என்று வருத்தமாக இருக்கிறது. வாழையை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட்டுத் தின்றால் விவசாயிக்கும் நல்லது, நமக்கும் நல்லதுதானே? பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். பன்றிக் கறிக்கு ஏற்பாடு செய்கிறேன் என்கிறான் ஒரு கூட்டாளி. வாங்கலாமா?

– வள்ளியூர்க்கார வாசகன்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள்.

உங்கள் மான் வேட்டையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் கறி தின்கிறவன்தான். ஆனால் அங்கே சரியாக இருப்பது இங்கே ஏன் சரிப்படாது என்பதற்குக் காரணம் சட்டம் மட்டுமல்ல, கணக்கு. விஸ்கான்சின் தமிழ்நாட்டைவிடப் பெரிய மாநிலம். மக்கள் ஏறத்தாழ 60 லட்சம், மான்கள் 15 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படியே 7 கோடிப் பேருக்கு மேல். தலைக்கு ஒரு முயல் என்று ஆசைப்பட்டால்கூட ஒரே வாரத்தில் நாங்குநேரிக் காடு காலி.

இன்னொன்று. விஸ்கான்சினில் மான் பெருகிக் கிடப்பதற்கு ஒரு காரணம், அதைத் தின்ற ஓநாயை 1960-க்குள் துடைத்துவிட்டார்கள். பிறகு கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால் துப்பாக்கிக்காரனுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. நம்மூர்க் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் இன்றும் இருக்கின்றன. மிளா மானும் பன்றியும் அவற்றின் பங்கு. நாம் போய்ப் பந்தியில் உட்கார்ந்தால் அவை ஊருக்குள் ஆட்டைத் தேடி வரும்.

அமெரிக்காக்காரனும் பிறக்கும்போதே ஒழுங்கானவன் இல்லை. கோடிக்கணக்கில் பறந்த பயணிப் புறாவைச் சந்தைக்குச் சுட்டுத் தள்ளினார்கள். கடைசிப் புறா 1914-ல் சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் செத்தது. பட்ட பிறகுதான் புத்தி. வேட்டைக் கறி வியாபாரத்துக்கு 1900-லிருந்தே கடிவாளம் போட்டார்கள். 1937-லிருந்து துப்பாக்கி, தோட்டா வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. உங்கள் மானுக்கு ஒரு டேக் கட்டுகிறீர்களே, அந்தச் சீட்டுக்குப் பின்னால் எண்ணிக்கை பார்க்கிற ஒரு துறை இருக்கிறது. நீங்கள் சுட்டதைத் தின்னலாம், விருந்து வைக்கலாம், விற்க மட்டும் முடியாது. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமான விதி அதுதான். உங்கள் கூட்டாளி செய்கிற ஏற்பாடோ காசுக்கு.

அந்தக் கறி எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டீர்களா? துப்பாக்கியில் அல்ல. சுருக்குக் கம்பி, திருட்டு கரண்ட் இழுத்த வயர், பழத்துக்குள் வைக்கிற அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடி. சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020-ல் பாலக்காட்டுப் பக்கம் கர்ப்பிணி யானை வாய் சிதைந்து செத்ததே, பன்றிக்கு வைக்கிற அந்த மாதிரி வெடியால்தான்.

வாழைக்காரன் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. களக்காட்டுப் பக்கம் பழைய சேலைகளை வேலியாகக் கட்டி, தகரம் தட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருக்கிறார்கள். குலை தள்ளின தோட்டம் விடியும்போது உழுது போட்டதுபோல் கிடந்தால் யாருக்கும் வயிறு எரியும். அதற்குத்தான் 2025 ஜனவரியில் அரசு ஒரு வழி சொன்னது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடவேண்டும், அதற்கு அப்பால் சுடலாம். சுடுவது வனத்துறை ஆள். நானோ நீங்களோ அல்ல. இது மெதுவாக நடக்கிறது என்று விவசாயி கோபப்பட்டால் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதைச் சாக்காக வைத்து நாம் சட்டியை அடுப்பில் ஏற்றுவதில் நியாயம் இல்லை.

தாத்தா முயலுக்குப் போனது 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முந்தின காலமாக இருக்கும். நாயும் ஓட்டமும்தான் ஆயுதம். முயல் தப்பிக்க வழி இருந்தது. இப்போது தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பைக்கில் போகிறார்கள். வெளிச்சம் கண்ணில் பட்டதும் அது அப்படியே நின்றுவிடுகிறது. இதற்கு நாய் எதற்கு, சிப்பிப்பாறை எதற்கு?

சரி, கையால் பிடித்துச் சமைத்துத் தின்கிற ஆசை அடங்கவில்லையா? குளத்துக்குப் போங்கள். ஜிலேபி மீனுக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். அதனால் பெருகிக்கொண்டே போகிறது. நம்மூர்க் கெண்டைக்கும் கெளுத்திக்கும் இடமில்லாமல் செய்கிறது. எவ்வளவு பிடித்தாலும் யார் பங்கும் குறையாத ஒரே வேட்டை இந்த ஜில்லாவில் எனக்குத் தெரிந்து இதுதான். மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தூண்டிலைப் போடுங்கள். பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம் மட்டும் வேண்டாம். அங்கே கூழைக்கடாவுக்கும் செங்கால் நாரைக்கும் முன்னுரிமை.

சேற்று வாடை அடிக்கிறது என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அது குளத்துப் பாசியிலிருந்து மீனின் உடம்பில் ஏறுகிற பொருள். புளிப்பு பட்டால் சிதைந்துவிடும். வயிற்றுக்குள் இருக்கிற கறுப்புச் சவ்வைச் சுரண்டி எடுங்கள். கல் உப்புப் போட்டுத் தேய்த்து, புளித்தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். பிறகு தேங்காய், சீரகம், சின்ன உள்ளி, வத்தல், மல்லி அரைத்துக் கொஞ்சம் தூக்கலாகவே புளி விட்டு மண்சட்டியில் வையுங்கள். அன்றைக்கே தின்னாமல் மறுநாள் தின்றால் இன்னும் நன்றாக இருக்கும்.

நவம்பர் மானைப் பற்றியும் ஒன்று. உங்கள் மாநிலத்தில் 2002-லிருந்து மான்களுக்கு மூளையை அரிக்கிற ஒரு நோய் இருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனால் அதை உண்டாக்கும் புரதம் கொதிக்க வைத்தாலும் அழியாது. தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வருகிறவரை கறியைத் தனியாக ஃப்ரீசரில் வையுங்கள். பிள்ளைகளுக்குப் பரிமாறுவதெல்லாம் அதற்குப் பிறகு.

அன்புடன்,
அண்ணாச்சி