பழைய தையல் மெஷினுக்கு எண்ணெய்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பதினைந்து வருடமாக மூடியே கிடந்த மிதி மெஷின். சக்கரத்தைத் திருப்பினால் அசைய மறுக்கிறது. துருப்பிடித்து இறுகிவிட்டதா? இரும்புக் கடைக்குத்தானா?

அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். இப்படி இறுகும் மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்குத் துரு காரணமில்லை. பழைய எண்ணெய் பிசினாகக் காய்ந்து அச்சுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். பலம் கொடுத்துச் சுற்றினால்தான் உண்மையிலேயே ஏதாவது உடையும்.

எங்கே பிடிக்கிறது என்று முதலில் பாருங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மெஷினின் தலைப்பகுதியில் உள்ள சிறிய சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இலகுவாகச் சுற்றினால் கோளாறு கீழே, மிதியிலும் பெரிய சக்கரத்தின் அச்சிலும். சுற்றவில்லையா? பாபின் கேஸையும் (அடி நூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடு), அதைச் சுற்றி ஓடும் கொக்கியான ஷட்டிலையும் வெளியே எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். இப்போது சுற்றினால், ஷட்டில் ஓடும் வளையத்தில் நூல் துணுக்கு சிக்கியிருக்கிறது. ஊசி முனையால் கிளறி எடுத்தால் போதும். சக்கரத்துக்கும் மெஷினுக்கும் நடுவே நூல் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பலர் கவனிக்காமல் விடும் இடம் அது.

இதிலும் அசையவில்லை என்றால் காய்ந்த எண்ணெய்தான். ஒவ்வோர் எண்ணெய்த் துளையிலும் இரண்டு மூன்று சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் சக்கரத்தை முன்னும் பின்னுமாக, அசைகிற அளவுக்கு மட்டும் ஆட்டுங்கள். பழுப்பு நிறத்தில் அழுக்கு கசியும். துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். மூன்று நாள்கூட ஆகலாம், பொறுமையாக இருங்கள். அருகில் அடுப்போ விளக்கோ கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். மோட்டார் பொருத்திய மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

சக்கரம் இலகுவானதும் மண்ணெண்ணெயை உலரவிட்டு, கட்டாயம் மெஷின் ஆயில் விட வேண்டும். மண்ணெண்ணெய் கழுவுமே தவிர உயவாக நிற்காது. அப்படியே ஓட்டினால் இரும்போடு இரும்பு உரசித் தேயும்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் விடலாம் என்கிறார்களே?

வேண்டாம். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவுமே வேண்டாம். விட்ட அன்று மெஷின் அருமையாக ஓடும். நாளடைவில் எண்ணெய் காற்றுபட்டுக் கெட்டியாகி, மேலே சொன்ன பிசினாக மாறும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரிலேயே உறைந்துவிடும். கடையில் ‘தையல் மெஷின் ஆயில்’ என்று கேட்டால் நிறமில்லாத, நீர்த்த ஆயில் கிடைக்கும், அதுதான் சரி. வண்டிக்கு ஊற்றும் எஞ்சின் ஆயில் இதற்குக் கெட்டி. துரு இளக்கும் ஸ்ப்ரேயும் ஆயிலுக்கு மாற்று ஆகாது.

கேள்வி: எத்தனை சொட்டு, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

துளைக்கு ஒரு சொட்டு. மேலே உள்ள துளைகள், ஊசிக் கம்பியும், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் கம்பியும் ஏறி இறங்கும் இடங்கள், இடப்பக்க முகத்தகட்டைக் கழற்றினால் தெரியும் இணைப்புகள் எல்லாவற்றுக்கும் விடுங்கள். பிறகு மெஷினைப் பின்னால் சாய்த்து, அடியில் ஒன்றோடொன்று உரசி அசையும் இடங்களைச் சக்கரத்தைச் சுற்றியபடியே கண்டுபிடித்து விடுங்கள். ஷட்டில் வளையத்துக்கும் ஒரு சொட்டு. மிதியின் இரு முனைகளையும், மிதியைக் கீழே உள்ள பெரிய சக்கரத்தோடு இணைக்கும் ராடையும் மறக்க வேண்டாம். மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளிலும் பெல்ட்டிலும் எண்ணெய் படவே கூடாது.

நாள் முழுக்கத் தைப்பவர்கள் தினமும், எப்போதாவது தைப்பவர்கள் எட்டுப் பத்து மணி நேரத் தையலுக்கு ஒருமுறை. விட்டபின் கழிவுத் துணியில் சிறிது தைத்து, கசியும் எண்ணெயை அதிலேயே வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் புது ரவிக்கையில் கறை விழும்.

கேள்வி: துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சுருண்டுகொள்கிறது. பாபின் கேஸ் திருகை இறுக்கியும் தீரவில்லை.

அந்தத் திருகைப் பழைய இடத்துக்கே திருப்பிவிடுங்கள். அடியில் சிக்கு விழுந்தால் கோளாறு மேல் நூலில். ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்திருப்பீர்கள். அப்போது டென்ஷன் தட்டுகள் இறுகியிருப்பதால் நூல் நடுவே போய் உட்காராது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு முதலிலிருந்து கோர்த்துக்கொள்ளுங்கள். தட்டுகளுக்கு நடுவே மடித்த துணியை இழுத்துப் பஞ்சையும் எடுங்கள். ஊசியில் நீளக் காடி (பள்ளம்) உள்ள பக்கத்திலிருந்துதான் நூல் நுழைய வேண்டும்.

பாபின் கேஸ் சரியா என்றறிய, நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். கேஸ் தானாக நழுவாமல் நின்று, லேசாகச் சுண்டி இழுத்தால் கொஞ்சம் இறங்கினால் சரி. திருக வேண்டியிருந்தால் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகாதீர்கள்.

கேள்வி: சுத்தம் செய்து மாட்டியபின் சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை.

சக்கரத்தின் நடுத் திருகுக்குப் பின்னால் உள்ள காது வைத்த வாஷரைத் திருப்பி மாட்டியிருப்பீர்கள். எடுத்து அரைச் சுற்று திருப்பிப் போட்டால் பிடித்துக்கொள்ளும். நடுத் திருகில் உள்ள குட்டித் திருகைக் கழற்றினால்தான் அது வெளியே வரும். குட்டித் திருகைக் கிண்ணத்தில் போட்டு வையுங்கள்.

கேள்வி: தோல் பெல்ட் வழுக்குகிறது.

தோல் நாளாக ஆக நீளும். கொக்கியைக் கழற்றி அரை அங்குலம் வெட்டி, புதுத் துளை போட்டு மாட்டுங்கள். வழுக்காத அளவே போதும். அதற்கு மேல் இறுக்கினால் மிதி கனக்கும்.

கேள்வி: தங்க நிறப் பூவேலை மங்கிவிட்டது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

கூடவே கூடாது. அந்தப் பூவேலைக்கு மேல் பூசியிருப்பது வார்னிஷ். ஸ்பிரிட், தின்னர், கை கழுவும் சானிடைசர் பட்டால் அது கரைந்து, பூவும் கூடவே போய்விடும், திரும்ப வராது. மெஷின் ஆயிலையே பஞ்சில் தொட்டு, அழுத்தாமல் துடையுங்கள். முதலில் பூ இல்லாத மூலையில் செய்து பாருங்கள்.

கேள்வி: எங்கள் சிங்கரில் ‘15கே’ என்று இருக்கிறது. என்ன பொருள்?

15 என்பது மாடல் வரிசை. ‘கே’ என்றால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த கில்போவி ஆலையில் செய்தது. அந்த ஆலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் கவலை வேண்டாம். இந்த வரிசையின் பாபினும் பாபின் கேஸும் இன்றைக்கும் சாதாரணத் தையல் சாமான் கடையிலேயே கிடைக்கின்றன. பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.