முகத்தைக் கெடுத்த கிரீம்: யார் மேல் வழக்குப் போடுவது?

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறேன். கன்னத்தில் மங்கு விழுந்ததால் ஒரு தனியார் தோல் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் எழுதிக் கொடுத்த கிரீமை 10 மாதம் இரவில் தடவினேன். போகும்போதெல்லாம் ‘கன்டினியூ’ என்றுதான் எழுதினார். இப்போது முகம் சிவந்து, சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் வெளியே தெரிகின்றன. வெயிலில் நின்றால் எரிகிறது. மேலுதட்டில் முடி வளர்கிறது. வேறொரு டாக்டரிடம் காட்டியதில், ஸ்டீராய்டு கலந்த கிரீமை இவ்வளவு நாள் போட்டிருக்கவே கூடாது என்கிறார். தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், கம்பெனி மேல் கேஸ் போட்டு 20 லட்சம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். செலவுக்கு 15,000 ரூபாயும் ஒரிஜினல் சீட்டுகளும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணத்தை விடுங்கள், அந்தச் சீட்டுகள் கைமாறினால் உங்கள் வழக்கே கைமாறிவிடும்.

இந்த ஆட்கள் வேலை செய்யும் விதம் எனக்கு நன்றாகத் தெரியும். பெரும்பாலும் இவர்கள் வக்கீல்கள் இல்லை. உங்கள் காகிதங்களை வாங்கிக்கொண்டு முதலில் போவது கிளினிக்குக்குத்தான். அங்கே ஒரு தொகை பேசி முடித்துவிட்டு, ஒரு பகுதியை உங்களிடம் கொண்டுவந்து, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்குவார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு. அதற்கப்புறம் செய்ய முடிவது மிகக் குறைவு. வக்கீலே வந்து ‘ஜெயித்தால் பாதி எனக்கு’ என்று பேசினாலும் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. 20 லட்சம் என்று இன்றைக்கே சொல்கிறவர் பொய் சொல்கிறார். அந்தத் தொகையை முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கிரீம் டியூபைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் டியூபின் அடிமடிப்பில்தான் அச்சாகியிருக்கும். நாம் அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்குவதால் அந்த எண் கசங்கி அழிந்துவிடுகிறது. மெதுவாகப் பிரித்து, வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள். அட்டைப்பெட்டி, உள்ளே இருந்த மடித்த தாள், மருந்துக்கடை பில், எல்லா மருந்துச் சீட்டுகள், முகத்தின் பழைய புகைப்படங்கள், இரண்டாவது டாக்டர் எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். யார் கேட்டாலும் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

சரி, வழக்கு யார் மேல்? உங்கள் விஷயத்தில் முதலில் டாக்டர் மேல், கிளினிக் மேல். கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் பக்கவிளைவு வந்தது என்பது மட்டும் அலட்சியம் ஆகிவிடாது. மங்குக்கு எழுதும் கிரீம்கள் பலவற்றில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு என்று மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கும். சில வாரங்களுக்கு என்று கணக்காக எழுதினால் அது முறையான சிகிச்சை. எத்தனை நாள் என்று எழுதினாரா, தோல் மெலியும் என்று எச்சரித்தாரா, திரும்பப் போனபோது முகத்தைப் பார்த்தாரா என்பதுதான் கேள்வி. ‘கன்டினியூ’ என்று திரும்பத் திரும்ப எழுதிய அந்தச் சீட்டுகளைவிட வலுவான சாட்சி உங்களிடம் வேறு இல்லை. அதனால்தான் அந்த ஆள் ஒரிஜினலைக் கேட்கிறார்.

கம்பெனி மேல் போடலாமே என்பதுதான் எல்லோருக்கும் தோன்றுவது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. மருந்தில் குறைபாடு இருந்தாலோ, போதிய எச்சரிக்கை தராமல் விற்றாலோ தயாரித்தவர் இழப்பீடு தர வேண்டும். ஆனால் இங்கே ஒரு விலக்கு இருக்கிறது, இதைப் பொறுமையாகப் படியுங்கள். ஒரு பொருள் சட்டப்படி நிபுணர் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்த வேண்டியது என்றால், அந்த நிபுணருக்கு எச்சரிக்கையைத் தெரிவிக்கக் கம்பெனி நியாயமான முயற்சி எடுத்திருந்தால், எச்சரிக்கை போதவில்லை என்று அதன் மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது. உங்கள் கிரீம் டாக்டர் சீட்டில் மட்டும் விற்க வேண்டியது. ‘டாக்டருக்கு எல்லாம் சொல்லிவிட்டோம், அவர் நோயாளிக்குச் சொல்லவில்லை’ என்று கம்பெனி சொன்னால் அந்த வாதம் பெரும்பாலும் நிற்கும். இந்த விலக்கு எச்சரிக்கை பற்றிய புகாருக்கு மட்டும்தான். கிரீமே தரமற்றது, லேபிளில் போடாத மருந்து உள்ளே இருக்கிறது என்றால் கம்பெனி இதன் பின்னால் ஒளிய முடியாது. அந்தச் சந்தேகம் இருந்தால் அதே பேட்ச் எண்ணுள்ள பிரிக்காத டியூபை பில்லோடு வாங்கி, தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரின் சோதனை கேட்க 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டமே உங்களுக்கு உரிமை தருகிறது.

மருந்துக்கடை உங்கள் விஷயத்தில் பெரிதாகச் சிக்காது, சீட்டுப்படிதான் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு கிரீம்களை 2018-லேயே ஷெட்யூல் எச் பட்டியலில், அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில், சேர்த்தாயிற்று. ஆனாலும் தெருமுனைக் கடையில் பெயரைச் சொன்னால் எடுத்து நீட்டுகிறார்கள். ஆய்வாளர்கள் கண்ணுக்கு மட்டும் இது எப்படித் தப்புகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

போலீஸ் புகார் வேண்டாம். டாக்டர் மேல் குற்ற வழக்கு நிற்க மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் செய்யலாம். ஆனால் அங்கே டாக்டர் மேல் நடவடிக்கைதான் கிடைக்கும், உங்களுக்கு இழப்பீடு கிடைக்காது.

நீங்கள் போக வேண்டிய இடம் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் பகுதி ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் செய்யலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் தாக்கல் கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 ஆண்டு. எந்த நாளிலிருந்து என்பதில் வாதம் வரும். ஆகவே முதல் பாதிப்பு தெரிந்த நாளிலிருந்தே எண்ணிக்கொண்டு சீக்கிரம் போடுங்கள்.

3 மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடப்பது வருடக்கணக்கு. எதிர்த்தரப்பு பதில் தர 45 நாளுக்கு மேல் ஒரு நாளும் தர முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லியாயிற்று. அந்தக் கட்டம் தாண்டியதும் வாய்தா மேல் வாய்தா. முகம் கெட்டுப்போன ஒரு பெண் வேலைக்கு லீவு போட்டு வந்து, வெறும் தேதியோடு திரும்பிப் போவதைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒத்திவைக்கக் கேட்கும் தரப்பிடம் செலவுத்தொகை கேட்டு வாங்குங்கள், ஆணையம் அதை உத்தரவிடலாம்.

வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். வக்கீல் வேண்டும் என்றாலும் அந்த 15,000 தேவையில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். போகும்போதும் ஜெராக்ஸ்தான், ஒரிஜினல் வீட்டில் இருக்கட்டும்.